ஆற்றிக்கொள்ள மறுத்தவர்

சோதனை வாசிப்பு செய்வது எப்படி என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி, போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், நல்ல பிள்ளைகள். இப்போதெல்லாம் ஒரு வாக்கியத்தைக் கணினியில் போட்டால், படிக்கத் தெரியாத ஒரு பெண் அதை எப்படிப் புரிந்துகொள்வாள் என்று அதுவே சொல்லிவிடுகிறதாம். அப்புறம் எதற்கு அந்தக் காலத்தில் வெயிலில் அலைந்தீர்கள் என்று கேட்டார்கள். காபி கொடுத்தேன். ஒரு பக்கம்தானே, எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வரியிலேயே கன்னியம்மா வந்து உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எங்கே ஒரு பக்கத்தில் முடிப்பது?

நான் ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா அங்கே டர்னர். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில், தட்டச்சு தெரிந்த பெண் வேண்டுமென்ற விளம்பரத்தைப் பார்த்து வேலப்பன்சாவடிக்குப் போனேன். நெடுஞ்சாலைக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. படிக்கத் தெரியாதவர்கள் காதால் கேட்பதற்காக, பைபிளின் பழைய ஏற்பாட்டை எபிரெயத்திலிருந்து எளிய தமிழில் கொண்டுவரும் வேலை அங்கே நடந்தது. எங்கள் வீட்டில் முருகன் படம்தான் மாட்டியிருக்கிறது, உங்களுக்குச் சரிப்படுமா என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். தலைமைப் பொறுப்பில் இருந்த ஜெபமணி ஐயா, ரொம்ப நல்லதாப் போச்சு என்றார். சர்ச்சுக்குப் போய் வளர்ந்தவர்களுக்குப் பழைய வாக்கியம் காதிலேயே இருக்கும். நாம் எழுதியது புரியாவிட்டாலும் ஞாபகம் வந்து இட்டு நிரப்பிவிடும். எனக்குப் புரியவில்லை என்றால் கோளாறு எழுத்தில்தான் என்று தெரிந்துவிடுமாம். என் அறியாமைக்குச் சம்பளம் கொடுத்த ஒரே இடம் அது.

எபிரெயம் நான் ஆசைப்பட்டுப் படித்ததல்ல, ரோஷத்தில் படித்தது. ஏன் இப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று எதைக் கேட்டாலும், மூலத்தில் அப்படி இருக்கிறதம்மா என்பார் ஐயா. அந்த மூலத்தை ஒரு கை பார்த்துவிடுவது என்று சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்தேன். ஆறு வருஷம் ஆனது. வலமிருந்து இடமாகப் படித்துப் படித்து, பஸ்ஸில் கடைப் பலகைகளைக்கூட வால் பக்கமிருந்து வாசிக்கும் வியாதி வந்தது. கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஐயா திருநெல்வேலிப் பக்கத்துப் போதகர். மனைவி தவறிய பிறகு மாடியறை ஒன்றிலேயே தங்கிவிட்டவர். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். நாங்கள் வரைவை வாசிப்போம். தூங்கிவிட்டார் என்று நினைத்து ஒரு வரியைத் தாண்டினால், போன வரி எங்கேம்மா என்று கண்ணைத் திறக்காமலே கேட்பார். சரி, தப்பு என்ற சொற்கள் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. "அப்படியா?" என்பார். அதை அவர் இழுக்கிற நீளத்தை வைத்து நாங்கள்தான் சரியா தப்பா என்று கண்டுகொள்ள வேண்டும்.

வினைச்சொற்களை அவர் ஆட்களைப் போலப் பேசுவார். எபிரெய வினைக்கு மூன்று எழுத்து வேர். அந்த வேர் ஏழு அமைப்புகளில் வரும். அந்த அமைப்புக்கு அவர்கள் வைத்த பெயரே கட்டிடம் என்றுதான் பொருள்படும். ஏழு வீடு இருக்கு, ஒரே ஆள் வீட்டுக்கு வீடு குணம் மாறி இருக்கார் என்பார் ஐயா. மத்தியானம் மூன்று மணிக்கு மின்விசிறி முனகிக்கொண்டிருக்க, நூன், ஹேத், மேம் என்ற மூன்று எழுத்துள்ள ஒரு வேரைப் பற்றி அவர் பேசியது எனக்குப் பாதித் தூக்கத்தில் கேட்டதைப் போலத்தான் நினைவிருக்கிறது. 'நாஹம்' என்று உச்சரிக்க வேண்டும். மூச்சை ஆழ இழுத்து விடுவதுதான் அதன் அடிப்பொருள் என்று சிலர் சொல்வார்கள். முதல் வீட்டில் அந்த வினையை யாரும் பார்த்ததில்லை, பூட்டிக் கிடக்கிறது. இரண்டாவது வீட்டில் வருத்தப்படுவது, எடுத்த முடிவை மாற்றிக்கொள்வது, ஆறுதல் அடைவது எல்லாம் ஒன்றாகக் குடியிருக்கின்றன. மனிதனை ஏன் படைத்தோம் என்று கடவுள் வருந்தும் இடத்திலும் இந்தச் சொல்தான். மூன்றாவது வீட்டுக்குப் பியேல் என்று பெயர். அங்கே அது பிறருக்கு ஆறுதல் சொல்வது. கடைசி வீடு ஹித்பயேல். அங்கே அது தன்னைத் தானே ஆற்றிக்கொள்வது. வருத்தமும் ஆறுதலும் எப்படி ஒரே சொல்லில் இருக்கும் என்று கேட்டேன். ரெண்டுக்கும் ஒரே பெருமூச்சுதானேம்மா என்றார். அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யாரோ என் பக்கத்தில் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே வந்ததாக ஒரு மயக்கம்.

இப்போது சோதனை வாசிப்பு. வரைவு தயாரானதும், அந்தக் கதையை அறவே கேட்டிராத ஆறு பேரைத் தேடிப் போக வேண்டும். ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்துத் தாளை மூடிவிட வேண்டும். மனதுக்குள் இருபது எண்ண வேண்டும். பிறகு, இதைக் கேட்காத ஒருவருக்கு நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதை, 'இன்னா', 'கீது' உட்பட அப்படியே எழுத வேண்டும். தலையாட்டக் கூடாது. புருவம் அசையக் கூடாது. இதற்காகவே ஐயா எதிரில் உட்கார்ந்து கதைகளைத் தாறுமாறாகச் சொல்லி என் புருவத்தைக் கவனிப்பார். ஒரு மாதம் பழகிய பிறகுதான் என் முகம் சுவராக மாறியது. எல்லாவற்றுக்கும் மேலான விதி, அடுத்து என்ன நடக்கிறது என்று கேட்பவரிடம் மூச்சுவிடக் கூடாது. முடிவு தெரிந்தவர் நடுவை வேறு மாதிரி கேட்பார். அவர் காது அப்புறம் நமக்கு உதவாது. ஒருமுறை ஒருவர் வாய் தவறி முடிவைச் சொல்லிவிட்டார் என்று மூன்று மாத வாசிப்பை அப்படியே தள்ளிவைத்தார் ஐயா.

பூந்தமல்லிச் சாலையில் மெட்ரோத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த சமயம், பஸ் ஊர்ந்துதான் வரும். நான் வெள்ளானூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கம், துப்புரவு வேலை செய்யும் பெண்கள் சாப்பிட உட்காரும் தகரக் கொட்டகை உண்டு. ஆறு பேர் அங்கே கிடைத்தார்கள். அதில் ஒருத்தி கன்னியம்மா. ஐம்பதைத் தாண்டியவள். மற்றவர்கள் வாசிப்பின்போது வெற்றிலை மடிப்பார்கள், வெங்காயத் தோலைக் கிள்ளுவார்கள். இவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்ப்பாள்.

அன்று வாசித்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஒரு தகப்பனுக்குப் பன்னிரண்டு மகன்கள். ஒருவன் மேல் மட்டும் கொள்ளைப் பிரியம். அண்ணன்கள் பொறாமையில் அவனை வியாபாரிகளிடம் விற்றுவிட்டு, அவன் சட்டையை ஆட்டு ரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். மிருகம் அடித்துவிட்டதென்று தகப்பன் நம்பிவிடுகிறார். நாள் கணக்காக அழுகிறார். மகன்களும் மகள்களும் எழுந்து அவருக்கு ஆறுதல் சொல்ல வருகிறார்கள். மூலத்தில் அவர் அதை மறுக்கிறார். அந்த ஒரே வரியில் நாஹம் இரண்டு தரம் வருகிறது. பிள்ளைகள் செய்வது பியேல். அவர் மறுப்பது ஹித்பயேல்.

எங்கள் வரைவில், அவருக்கு ஆறுதல் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தோம். அதற்கு ஐயாவின் 'அப்படியா' மிக நீளமாக வந்திருந்தது. கிடைக்காமல் இல்லை, கொண்டுவந்து நீட்டினார்கள், அவர்தான் வாங்கவில்லை என்றார். ஆனால் நல்ல சொல் யாருக்கும் அகப்படவில்லை, அப்படியே சோதனைக்கு அனுப்பிவிட்டார். ஐந்து பெண்கள், பாவம் அழுதுகினே இருந்தாரு என்று முடித்துவிட்டார்கள். கன்னியம்மாவின் முறை வந்தது.

"வித்தவனுங்களே வந்து ஆத்தறானுங்கோ. அந்தாளு ஆத்திக்க மாட்டேன்னுட்டாரு" என்றாள்.

வரைவில் இல்லாத மறுப்பு அவளுக்கு எப்படிக் கேட்டது? எழுதுகிற என் கை நின்றுவிட்டது. ஆத்தறானுங்கோ, ஆத்திக்க மாட்டேன். மூன்றாவது வீடும் கடைசி வீடும், வாசலோடு சேர்த்து. முகத்தைச் சுவராக வைத்துக்கொண்டேன். உள்ளே ஒரு பெண் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

மற்றவர்கள் வேலைக்கு எழுந்து போன பிறகும் கன்னியம்மா போகவில்லை. அவளுடைய ஒரே மகன் சேகர், லாரியில் கிளீனராக வடக்கே போனவன். ஏழு வருஷமாகத் தகவல் இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று, லாரி ஓனர் ஊரையே காலி செய்துகொண்டு போய்விட்டார். இதையெல்லாம் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "யக்கா, அந்தப் புள்ள உசுரோட கீறான்னு அந்தாளுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இருபது வருஷம் காத்த வாய் அன்று திறந்துகொண்டது. கடைசியில் பார்த்துக்கொள்கிறார்கள் கன்னியம்மா, இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பெருமையாகவும் இருந்தது. சோதனைத் தாளில் அதைப் பற்றி ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

இரண்டு வாரம் கழித்து அலுவலகப் படியேறி ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றின் அடையாள அட்டை. சேகரின் மனைவி செல்வி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஏழு வருஷமாக மாமியாரோடு ஒரே அறையில் இருப்பவள், பிள்ளை இல்லை. கூட வேலை செய்யும் ஒருவர், மனைவியை இழந்தவர், இவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். இவளுக்கும் சம்மதம். ஆனால் அவர்கள் வழக்கத்தில், பெரியவர்கள் முன்னால் மாமியாரே வெற்றிலை கொடுத்து மருமகளை அனுப்ப வேண்டும். அதற்கு முன் சேகருக்குக் காரியம் செய்து, தாலியை அறுக்க வேண்டும் என்று பங்காளி முறைப் பெரியவர் சொல்லியிருந்தார். ஆடி அமாவாசைக்குச் செய்யலாம் என்று கன்னியம்மா ஒருவழியாகத் தலையாட்டியிருந்தாள். நான் கதை சொன்ன அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், என் பிள்ளை வருவான், காரியமும் இல்லை, வெற்றிலையும் இல்லை என்றுவிட்டாளாம்.

"கதைல அவன் வந்தான்னு இதுவும் ஒக்காந்துகினு கீது. இருவது வருஷம்னீங்களாமே. எனக்கு அப்போ இன்னா வயசு ஆவும், சொல்லுங்கோ" என்றாள் செல்வி.

அவள் படியிறங்கிப் போன பிறகும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. பக்கத்து அறையில் ஐயா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று தெரியும். போய் நின்றேன். கன்னியம்மா கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே சொல்லி, விதியை மீறினேன், தாளிலும் மறைத்தேன் என்றேன்.

"அப்படியா?" என்றார். அது நீளமாகவும் இல்லை, குட்டையாகவும் இல்லை. பிறகு, "அந்த அம்மா உங்ககிட்ட ஆறுதல் கேக்கலியே வசந்தாம்மா. எப்பத் தெரியும்னுதானே கேட்டாங்க?" என்றார்.

அந்த மாதிரி ஓர் அறை என்னை யாரும் அறைந்ததில்லை. தகப்பனைத் தேற்ற எழுந்து வந்த பிள்ளைகளின் வரிசையில் நானும் போய் நின்றுகொண்டிருந்தேன். ஐயா எழுந்து அலமாரியில் துழாவி ஒரு கட்டுத் தாளை எடுத்தார். அந்தக் கதையின் நடுப்பகுதி, இன்னும் யாருக்கும் வாசிக்காத வரைவு. முடிவை நீங்கள் சொல்லிவிட்டீர்கள், நடுவை யார் சொல்வது, போய் வாசியுங்கள் என்றார். சோதனைத் தாள் வேண்டாம், எதையும் எழுதவும் வேண்டாம் என்றார். கெட்டுப்போன காதுக்கு வாசிக்கச் சொல்லி அவர் அனுப்பியது அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையோரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. செல்வி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி களைந்தாள். கன்னியம்மாதான், வா யக்கா, மீதியப் படி என்றாள். கூரை மேல் காக்கை நடக்கிற சத்தம் கேட்டது. வெளியே ஏரித் தண்ணீரும் ஆகாயமும் ஒரே நிறத்தில் கிடந்தன. எங்கோ ஒரு பழைய பாலைவனத்து வீட்டுக்குள் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

வாசித்தேன். தகப்பனிடம் கடைசிப் பையன் ஒருவன் மிச்சம் இருக்கிறான், தொலைந்தவனோடு ஒரே தாய் வயிற்றில் பிறந்த தம்பி. பஞ்சம் வருகிறது. பெரிய மகன்கள் தூர தேசத்துக்குப் போய்த் தானியம் வாங்கி வருகிறார்கள். மறுபடி தானியம் வேண்டுமானால் இவனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் அந்தத் தேசத்து அதிகாரி. அனுப்ப மாட்டேன் என்கிறார் தகப்பன். ஒருத்தனைக் கொடுத்தது போதும் என்கிறார். கொண்டுவந்த தானியம் தீர்கிறது. வீட்டில் எல்லோர் வயிறும் காய்கிறது. பெரிய மகன்கள் கெஞ்சுகிறார்கள். கடைசியில், இழந்தால் இழந்தேன், கூட்டிப் போங்கள் என்று கையை விடுகிறார். இரண்டு முறை வாசித்துத் தாளை மூடினேன். இருபது எண்ணினேன்.

கன்னியம்மா சொல்ல ஆரம்பித்தாள். ஒரு விவரம் விடாமல் சொன்னாள். சின்னவனை அனுப்ப மாட்டேன் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, செல்வியின் முதுகைப் பார்த்தாள். அரிசி களையும் சத்தம் நின்றிருந்தது.

"அனுப்பும்போது தொலஞ்சவன நெனச்சு மனசு ஆத்திக்கினாரா அந்தாளு?" என்று என்னைக் கேட்டாள்.

இல்லை, அப்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முருகா, என் வாயைக் கட்டு என்று வேண்டிக்கொண்டேன்.

"ஆத்திக்காமலே அனுப்ச்சுட்டாரு" என்றாள். செல்வி சோறு வடித்தாள். மூவரும் சாப்பிட்டோம்.

அலுவலகத்தில் அந்த வரியைத் திருத்தினோம். எல்லோரும் எழுந்து வந்து அவரை ஆற்றினார்கள், அவரோ ஆற்றிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார் என்று வாசித்தேன். ஐயா கண்ணைத் திறந்து, மறுபடி வாசிங்க என்றார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆடி போய் ஆவணி வந்தது. கன்னியம்மா ஆள் விட்டிருந்தாள். போனபோது வாசலில் பாய் விரித்து, பங்காளிப் பெரியவரும் இன்னும் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். செல்வியைக் கேட்டவர் ஓரமாக நின்றிருந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு தயாராக இருந்தது. காரியம் எதுவும் செய்திருக்கவில்லை. பெரியவர் தொண்டையைச் செருமினார். மொதல்ல காரியத்தப் பேசு, அவன் இல்லன்னு நீ வாயால சொன்னாதான் நாங்க வெத்தல தொட முடியும் என்றார். செல்வி தலை குனிந்து நின்றாள்.

கன்னியம்மா எழுந்து செல்வியிடம் போனாள். அவள் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டு, அறுக்காமல், தாலிக் கயிற்றின் முடிச்சை நகத்தால் மெல்லப் பிரித்தாள். ஏழு வருஷத்துக்கு மேல் இறுகிய முடிச்சு, பிரிய நேரமானது. கழற்றிய தாலியைத் தன் முந்தானை ஓரத்தில் வைத்து இறுக்கி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தட்டை எடுத்து மருமகள் கையில் வைத்தாள்.

"இது என் புள்ளையுது, எங்கிட்ட இருக்கட்டும். அவன் வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ போய்ட்டு வா."